ரொட்டி சானாய் நடுவில் கிழிகிறதா? குறை மாவிலா, கையிலா?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் மூன்று மாதமாக ரொட்டி சானாய் (பரோட்டா போல மாவை வீசி விரித்துச் சுடும் ரொட்டி) போடப் பழகுகிறேன். காணொளிகளும் நிறைய பார்த்துவிட்டேன். இன்னும் வீசும்போது நடுவில் கிழிகிறது. மாஸ்டரைக் கேட்டால் "போடப் போட வரும்" என்கிறார். எப்போதுதான் வரும்?

பதில்: மாஸ்டர் சொல்வது உண்மைதான். ஆனால் ஒரே தவற்றோடு நூறு ரொட்டி போட்டால் கை அந்தத் தவற்றில்தான் பழகும். முதலில் குறை மாவிலா, கையிலா என்று பிரித்துப் பாருங்கள். மாஸ்டர் பிசைந்த உருண்டை ஐந்து, நீங்கள் பிசைந்தது ஐந்து எடுத்து மாற்றி மாற்றி வீசுங்கள். இரண்டும் கிழிந்தால் கையைத் திருத்த வேண்டும். உங்களுடையது மட்டும் கிழிந்தால் மாவை.

மாவுக்குக் கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுங்கள். 1 கிலோ மைதா, 15 கிராம் உப்பு, 20 கிராம் சீனி, 50 கிராம் மார்ஜரின், 520 மில்லி தண்ணீர். 80 கிராம் வீதம் 20 உருண்டை வரும். பத்து நிமிடம் பிசைந்து, கால் மணி நேரம் மூடி வைத்து, மறுபடி ஐந்து நிமிடம் பிசையுங்கள். உருட்டியதும் மார்ஜரின் தாராளமாகப் பூசி மூடி, ஆறு மணி நேரம் ஊறவிடுங்கள். பிசையும்போது இறுகும் குளூட்டன் (மைதாவுக்கு இழுவை தரும் புரதம்) ஊறும்போதுதான் தளரும். இழுத்தால் ரப்பர் போலச் சுருங்குகிறதா? இன்னும் ஊறவில்லை. பிசுபிசுத்துத் தானாக வழிகிறதா? அதிகம் ஊறிவிட்டது; பினாங்கு வெக்கையில் இது சீக்கிரமே நடக்கும். காத்தாடிக்குக் கீழே திறந்து வைத்தால் மேல்தோல் காய்ந்து, அந்த இடமே முதலில் பிளக்கும்.

நடுவில் கிழிவதற்குப் பெரும்பாலும் வீச்சு காரணமல்ல, அதற்கு முன் தட்டும் விதம்தான். உள்ளங்கையின் அடிப்பகுதியால் நடுவில் அழுத்தினால் நடு மெலிந்து ஓரம் தடிக்கும். வீசும்போது கனத்த ஓரம் வெளியே இழுக்க, மெலிந்த நடு தாங்காது. விரல்களைச் சேர்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தட்டுங்கள். சாப்பாட்டுத் தட்டு அகலம் வந்ததும் வலக்கை விரல்கள் அடியில், இடக்கை மேலே. வீச வேண்டியது மணிக்கட்டு, தோள் அல்ல. எதிர் ஓரம் மேசையில் அறைந்து ஒட்டிக்கொண்ட அந்தக் கணத்தில் உங்கள் பக்கம் மெல்ல இழுக்க வேண்டும். மேசையில் எண்ணெய் கூடினால் ஓரம் பிடிக்காமல் சறுக்கும், ரொட்டி விரியாது. மணிக்கட்டைப் பழக்க, நனைத்துப் பிழிந்த கைத்துண்டு போதும். இழுவையின் அளவு மட்டும் மாவில்தான் பிடிபடும்.

ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதுங்கள்: எத்தனை மணி ஊறியது, எத்தனை வீசினீர்கள், எத்தனை கிழிந்தது, எங்கே. ஒரு நாளைக்கு ஒரே மாற்றம். தண்ணீரையும் ஊறும் நேரத்தையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. உருண்டையைத் தொட்டவுடனே "இன்னும் ஊறணும்" என்று மாஸ்டர் சொல்கிறாரே, அந்தக் கணக்கு உங்கள் விரலுக்கும் இப்படித்தான் வரும்.

ஒரு வாரம் தொடர்ந்து 20க்கு 18 கிழியாமல் வந்தால், காலைக் கூட்டத்தில் ரொட்டி போட நிற்கக் கேளுங்கள். அதற்கு முன் வேண்டாம். ஆர்டர் குவியும்போது கை பழைய தவற்றுக்கே ஓடும்.