அலுவலக உடல்நலக் குழுவில் ஆட்கள் நின்றுபிடிக்க என்ன செய்யலாம்?

கேள்வி: மட்டக்களப்பு நகரில் 40 பேர் வேலை செய்யும் அலுவலகம். மாலை 4.30க்கு நடைப்பயிற்சி, மாதம் ஒருமுறை நிறை பார்த்து அதிகம் குறைத்தவருக்குப் பரிசு என்று தொடங்கினோம். முதல் கிழமை 31 பேர் வந்தார்கள், ஆறாம் கிழமை 7 பேர். ஆர்வத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

பதில்:

முதலில் அந்த 4.30ஐ மாற்றுங்கள். வாழைச்சேனைக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள், பிள்ளையை டியூஷனில் இருந்து கூட்டிப்போக வேண்டியவர்கள், வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாடு செய்ய வேண்டியவர்கள் இவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் உங்களோடு நிற்கவே முடியாது. நின்றுபோன 24 பேரையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள், இந்தக் காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவர்களுக்கு உற்சாகப் பேச்சு வைப்பதால் பஸ் பிந்தி வரப்போவதில்லை. வேலை நேரத்துக்குள் நாளுக்கு 20 நிமிடம் தர நிர்வாகத்திடம் கேளுங்கள். அதற்குச் சம்மதம் கிடைக்காவிட்டால் திட்டத்தைத் திரும்பத் தொடங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வளர்ந்தவர்களுக்குக் கிழமையில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பேச முடியும், பாட முடியாது என்ற வேகம்தான் மிதம். அலுவலகத்தில் ஐந்து நாள் 20 நிமிடம் என்றால் 100 வந்துவிடும். மிச்சம் 50ஐ ஞாயிறு காலையில் கல்லடிப் பழைய பாலத்திலோ கடற்கரையிலோ வீட்டாரோடு நடந்து முடிக்கலாம். இதைக் கணக்காக எழுதிக் காட்டினால் "என்னால் முடியாது" என்பவர்கள் குறைவார்கள்.

கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் காலை பத்து மணிக்கே வெளியே நடத்த வேண்டாம். விறாந்தையும் படிக்கட்டும் போதும். சேலையோடு வேலைக்கு வருகிறவர்களுக்கு வேக நடை சிரமம், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், பேசாமல் நின்றுவிடுவார்கள். மேசைக்குக் கீழே ஒரு சோடி சப்பாத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிழமையில் இரண்டு நாள் நடை முடிந்தபின் சில்லில்லாத கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது 10 தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10, குதிக்காலை உயர்த்தி இறக்குவது 15, இந்த மூன்றையும் இரண்டு சுற்று செய்யுங்கள். சேலையோடும் அபாயாவோடும் செய்யலாம். பெண்களுக்குக் கதவு சாத்திய தனி அறை கிடைத்தால் வரவு கூடும்.

நிறைப் போட்டியை இன்றைக்கே நிறுத்துங்கள். உடலில் சேமித்த மாப்பொருள் ஒரு கிராமோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். இரண்டு நாள் சோற்றை விட்டாலே ஒன்றிரண்டு கிலோ இறங்கலாம், பரிசு வாங்கிய அடுத்த கிழமையே அது ஏறிவிடும். ஏறியது தெரிந்த ஆள் வெட்கத்தில் திரும்ப வரமாட்டார். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவரோ கிளிக்கிளசைட் குளிசை குடிக்கிறவரோ போட்டிக்காகச் சாப்பாட்டை விட்டால் இரத்தச் சீனி விழுந்து மயங்கலாம். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் கண்டு, ஆள் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். நினைவு தப்பியவருக்கு வாயால் எதுவும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அளந்தே ஆக வேண்டும் என்றால் இடுப்பை அளக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், அவரவரே வீட்டில் அளந்து அவரவர் கொப்பியில் எழுதட்டும். நமது நாட்டவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீற்றர், பெண்ணுக்கு 80 எல்லை. பிரஷர் பார்ப்பதென்றால் ஐந்து நிமிடம் சும்மா இருத்தி, தேத்தண்ணி குடித்து அரை மணி கழிந்தபின், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துத் தனி அறையில் பாருங்கள். 140க்கு 90ஐத் தாண்டி நின்றால் அரச ஆஸ்பத்திரியின் சுகவாழ்வு நிலையத்துக்கு அனுப்புங்கள். ஒருவரின் அளவு இன்னொருவர் காதில் விழுந்தால் அடுத்த முறை பாதிப் பேர் லீவு போடுவார்கள்.

இனித் தேத்தண்ணி. என் பார்வையில் முழுத் திட்டத்திலும் அதிக பலன் தரும் இடம் இதுதான். சீனி போட்டுக் கலந்த பிளாஸ்க்கில் இருந்து எல்லாருக்கும் ஊற்றினால் குறைக்க விரும்புகிறவருக்கும் வழியில்லை. நாளுக்கு நாலு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றாலே ஏறக்குறைய 32 கிராம் சீனி உள்ளே போகும். தேயிலைச் சாயத்தைச் சீனியில்லாமல் பிளாஸ்க்கில் வைத்து, சீனிப் போத்தலையும் சிறு கரண்டியையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டு கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும். ஒரேயடியாக நிறுத்தினால் ஆள் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வருவார். பத்து மணிக்கு ரோல்ஸ், பெற்றிஸ் வருகிற தட்டில் அவித்த கடலையும் வாழைப்பழமும் சேர்ந்து வரட்டும். ரோல்ஸைத் தடைசெய்ய வேண்டாம்.

எல்லாரையும் சிறு குழுக்களாகப் பிரியுங்கள், ஒரு குழு 6 முதல் 8 பேருக்குள் இருக்கட்டும். முகாமையாளர் தலைவராக வேண்டாம், ஒரு சாதாரண உறுப்பினராக நடக்கட்டும். அவர் நடப்பதைக் கண்டால்தான் மற்றவர்கள் பயமில்லாமல் கதிரையை விட்டு எழும்புவார்கள். பொறுப்பாளரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். காலடிகளை எண்ண வேண்டாம், போனைக் கைப்பையில் வைப்பவர்களுக்குக் கணக்கு தவறும். வரவை மட்டும் தேத்தண்ணி அறைச் சுவரில் ஒட்டிய தாளில் குறியுங்கள். பெயர் வேண்டாம், குழுவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண் போதும். பரிசும் அதற்கே. எட்டுக் கிழமையில் முக்கால்வாசி வரவு காட்டிய குழு முழுவதற்கும் ஒரு மதியச் சாப்பாடு கொடுங்கள். வட்ஸ்அப்பில் நாளுக்கு ஒரு செய்தி மட்டும். காலை வணக்கப் படங்கள் நிறைந்தால் எல்லாரும் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள்.

திட்டம் எட்டுக் கிழமை நடக்கட்டும், பிறகு இரண்டு கிழமை ஓய்வு. நாட்காட்டியைப் பார்த்துத் திகதி வையுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் வெள்ளமும். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை, அம்பாறைப் பக்கம் வயல் உள்ளவர்கள் லீவில் நிற்பார்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் நண்பர்களுக்குக் கதிரைப் பயிற்சியை மட்டும் விருப்பத்துக்கு விடுங்கள். வெள்ளி மதியம் ஜும்மா, கந்தசஷ்டி ஆறு நாள், இவற்றையும் தாளில் முன்கூட்டியே குறித்துவிட்டால் வராத நாள் தோல்வியாகத் தெரியாது.

ஒருவர் இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால், மூன்றாம் நாள் காலை அவருடைய குழுவில் அவருக்கு நெருக்கமான ஆள் அவருடைய மேசைக்குப் போய் "என்ன, சுகமில்லையா?" என்று கேட்கட்டும். ஏன் வரவில்லை என்ற கேள்வி வேண்டாம்.