256 எழுத்தோடு நின்றுபோன பக்கம்

கேள்வி: கிளிநொச்சியில் எங்கள் சங்கத்தின் நெல் கொள்வனவுப் பதிவு, இணையச் செயலி கட்ட உதவும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் செய்தது. ஆறாம் பதிப்புக்கு மாற்றிய பிறகு, ஊரைத் தெரிவு செய்யும் பக்கம் திறக்குதில்லை. நீள எல்லையை எடுத்துவிட்டால் சரிவரும் என்கிறார் செய்து தந்தவர். எடுக்கலாமா, அண்ணா?

பதில்: எடுக்க வேண்டாம், தங்கச்சி. எந்தத் தரவை எடுப்பது என்று பக்கத்துக்குள் எழுதும் சிறு கட்டளைக்கு ஓஜிஎன்எல் கோவை என்று பெயர். அது 256 எழுத்தைத் தாண்டினால் ஸ்ட்ரட்ஸின் ஆறாம் பதிப்பு அதை வாசிக்கவே மறுக்கும். வெளியாள் புகுத்தும் கோவைகள் பெரும்பாலும் நீளமானவை. அதற்குத்தான் இந்த வேலி. 2017இல் எக்குவிபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் விபர நிறுவனத்தில் 14 கோடிக்கு மேற்பட்டோரின் விபரம் களவு போனது ஸ்ட்ரட்ஸின் இந்த ஓஜிஎன்எல் வழியாகத்தான்.

ஊர்ப் பெயர்களை எல்லாம் பக்கத்திலேயே, லிஸ்ட் என்ற இடத்தில் வரிசையாக எழுதியிருப்பார்கள். கிளிநொச்சி நமக்கு ஐந்து எழுத்து. ஸ்ட்ரட்ஸ் ஓடும் ஜாவா மொழி விசிறியையும் குற்றையும் தனித்தனியே எண்ணும். அதற்கு அது பத்து. கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று நாலு பிரிவோடு நின்றால் தாங்கும். ஊர் ஊராகப் போனால் இருபது பெயரிலேயே 256 நெருங்கிவிடும்.

அந்தப் பட்டியலை அக்‌ஷன் கிளாசுக்குள், அதாவது பக்கத்துக்குப் பின்னால் நின்று வேலை செய்யும் ஜாவா கோப்புக்குள், கொண்டுபோங்கள். கெட்வில்லேஜஸ் என்று ஒரு மெத்தட் பட்டியலைத் திருப்பித் தரட்டும். பக்கத்தில் வில்லேஜஸ் என்ற ஒரு சொல் போதும். நீண்ட இஃப் நிபந்தனைக்கும் இதே வைத்தியம்.

அறுவடை நேரம், சோர்ஸ் கோட்டில் (செயலியின் மூல நிரலில்) கைவைக்க ஆளில்லை என்றால் மட்டும் எல்லையைக் கூட்டலாம். ஸ்ட்ரட்ஸ்.எக்ஸ்எம்எல் கோப்பில் ஸ்ட்ரட்ஸ்.ஓஜிஎன்எல்.எக்ஸ்பிரஷன்மேக்ஸ்லெங்த் என்ற கான்ஸ்டன்ட் அதற்கு உரியது. கோவை 310 எழுத்தென்றால் 320 போடுங்கள், பத்தாயிரம் போடாதீர்கள். ஏன் கூட்டினோம், எப்போது குறைப்போம் என்று அதற்கு மேலேயே குறிப்பு எழுதுங்கள். நெல் ஏற்றி முடிந்த கிழமையே பழையபடி 256 ஆக்குங்கள். தற்காலிகம் என்று கூட்டிய எல்லை மூன்று போகம் கழிந்தும் அப்படியே கிடந்ததை நான் கண்டிருக்கிறேன்.

எல்லையை எடுக்கச் சொல்பவர் தன் அரை நாள் வேலையை மிச்சம் பிடிக்கிறார். இன்னொரு ரகம், முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்று லட்சக்கணக்கில் கேட்கும். இரண்டு பேரும் சோர்ஸ் கோட்டைத் தங்கள் கையில் வைத்திருப்பதால்தான் இப்படிக் கதைக்க முடிகிறது. சங்கங்கள் விலைமனு கோரும்போது மேசை கதிரைக்கு அளவு எழுதுகிறார்கள். சோர்ஸ் கோட்டை ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுவதில்லை. எத்தனை கூட்டத்தில் சொல்லியும் கேட்கிறார்கள் இல்லை. உங்கள் சங்கம் மிச்சக் காசை இன்னும் கொடுக்கவில்லை என்றால், கோட் முழுவதும் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.