அப்பாவின் வாக்குத்தத்த அட்டை

அன்புள்ள அண்ணா,

நாங்கள் களியக்காவிளைப் பக்கம். போன டிசம்பர் 31 இரவு ஆராதனையில் அப்பா எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (புதுவருஷத்துக்கென்று ஒவ்வொருவரும் எடுக்கிற பைபிள் வசன அட்டை) 'நான் உன்னைக் குணமாக்குவேன்' என்று இருந்தது. அப்போது அவருக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. வீடே அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தது. ஆகஸ்டில் அப்பா போய்விட்டார். துக்கம் கேட்க வந்த ஓர் ஊழியக்காரர், 'வாக்குத்தத்தம் தவறாது, விசுவாசம்தான் எங்கேயோ குறைந்திருக்கிறது' என்று அம்மாவிடமே சொன்னார். உடன்படிக்கையைக் காக்கிற தேவன் எங்களிடம் மட்டும் ஏன் காக்கவில்லை? அட்டை இன்னும் அப்பாவின் பைபிளுக்குள் இருக்கிறது. எறிய மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. வருகிற புதுவருஷ இரவில் நான் அட்டை எடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

அந்த ஊழியக்காரர் சொன்னது தவறு. இதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இங்கே பாறசாலையில் எங்கள் சபையிலும் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்து நீட்டுவார்கள். கையளவு அட்டை, மேலே ஒரு ரோஜாப்பூ, கீழே அரை வசனம். அந்த அரை வசனம்தான் சங்கடம். அப்பாவுக்கு வந்தது 2 இராஜாக்கள் 20:5. சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஏசாயா தீர்க்கதரிசி கொண்டுவந்த சேதி அது. மூன்றாம் நாளில் ஆலயத்துக்குப் போவாய் என்று அதே வசனம் தொடரும். அடுத்த வசனத்தில் 15 வருஷம் கூட்டித் தரப்படும். அப்படியே நடந்தது. பிறகு எசேக்கியாவும் இறந்துபோனார். கர்த்தர் குணமாக்குகிறவர் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம், அதைச் சொல்லிக் கெஞ்சலாம், நீங்கள் கெஞ்சியது சரி. ஆனால் அந்த அட்டை கர்த்தர் அப்பா பேருக்கு எழுதிக்கொடுத்த ஆதாரம் இல்லை. (நிலப் பத்திரத்தை நம் பக்கம் ஆதாரம் என்றுதானே சொல்வோம்.)

அப்படியானால் அவர் எழுதிக்கொடுத்தது எது? இங்கே மலையாள ஆராதனையில் உடன்படிக்கையை 'நியமம்' என்று வாசிப்பார்கள், கத்தோலிக்கரின் மலையாள பைபிளில் 'உடம்படி'. இதையெல்லாம் கேட்டு வளர்ந்த எனக்கு, அது இரண்டு பேர் கையெழுத்துப் போடும் காகிதம், ஒருவர் தவறினால் மற்றவருக்கு விடுதலை என்றுதான் ரொம்ப நாள் நினைப்பு. ஆதியாகமம் 15 அதை மாற்றியது.

மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா. ஆபிராம் (பிறகு ஆபிரகாம் என்று பேர் பெற்றவர்) கர்த்தர் சொன்னபடி அவற்றைக் கொண்டுவந்து, நடுவே பிளந்து, துண்டுகளை எதிரெதிராக வைக்கிறார். பறவைகள் வந்து இறங்குகின்றன, துரத்துகிறார். அன்றைக்கு அவர் செய்த வேலை அவ்வளவுதான். பொழுது சாய்கிறது, அயர்ந்து தூங்கிவிடுகிறார். இருட்டில் புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும் அந்தத் துண்டுகளின் நடுவே கடந்துபோகின்றன. எபிரெயத்தில் உடன்படிக்கையை 'வெட்டுவது' என்றுதான் சொல்வார்கள். வாக்குத் தவறினால் இந்த மிருகத்தின் கதி எனக்கு வரட்டும் என்பதே நடுவே நடப்பதன் பொருள். எரேமியா 34-ஐப் பார்த்தால் விளங்கும். ஆபிராம் நடக்கவில்லை. அந்தச் சூளையும் ஜுவாலையுமாகக் கர்த்தர் தனியாக நடந்தார்.

மனிதன் தூங்கும்போது செய்த உடன்படிக்கை, தங்கச்சி. அது அவனுடைய விசுவாசத்தின் அளவைப் பார்த்தா நிற்கும்? அடுத்த அதிகாரத்திலேயே ஆபிராம் பிள்ளைக்காக மனைவி சாராளின் அடிமைப்பெண் ஆகாரிடம் போகிறார். 75 வயதில் வாக்குத்தத்தம் பெற்றவருக்கு 100 வயதில்தான் ஈசாக்கு. தேசம் முழுவதும் உனக்கு என்றாரே, அதில் ஆபிரகாமுக்குச் சொந்தமானது மக்பேலா நிலமும் அதிலுள்ள குகையும்தான். சாராளை அடக்கம்பண்ண 400 சேக்கல் வெள்ளி எண்ணிக்கொடுத்து வாங்கியது. ஒரு கல்லறை!

எபிரெயர் 11:13-ஐ அம்மாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். ஆபிரகாமையும் மற்றவர்களையும் பற்றி, வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே கண்டு, 'விசுவாசத்தோடே மரித்தார்கள்' என்று இருக்கிறது. விசுவாசம் குறைந்ததால் மரித்தார்கள் என்று இல்லை.

ஏன் காக்கவில்லை என்று கேட்டதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். சங்கீதம் 89 கர்த்தருடைய உண்மையைப் பாடித்தான் தொடங்குகிறது. போகப்போக, உடன்படிக்கையை ஒழித்துவிட்டீரே என்று அவர் முகத்துக்கு நேரே சொல்கிறது. 'உமது பூர்வகிருபைகள் எங்கே' என்று கேட்கிறது. அந்தக் கேள்வியும் வேதத்தில்தான் இருக்கிறது.

புதுவருஷ அட்டை உங்கள் விருப்பம். எடுத்தால் வீட்டுக்கு வந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். எடுக்காவிட்டால் ஒரு குறையும் இல்லை. திருவிருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். திராட்சரசப் பாத்திரத்தைக் கையில் எடுத்து ஐயர் (சபையின் போதகர்) 'புதிய உடன்படிக்கை' என்று சொல்லும்போது கவனியுங்கள். இருட்டில் தனியாக நடந்துபோனவர், மிருகத்தின் கதியைச் சிலுவையில் தம்முடைய உடம்பிலேயே வாங்கிக்கொண்டார். தவறியவர்கள் நாம். அப்பா எத்தனை வருஷம் அந்தப் பாத்திரத்தில் வாங்கிக் குடித்திருப்பார்! அவர் பேரும் சேர்ந்திருக்கிற உடன்படிக்கை அதுதான், அது ஆகஸ்டில் முடிந்துவிடவில்லை.

அட்டை அப்பா வைத்த பக்கத்திலேயே இருக்கட்டும். கிறிஸ்துமஸ் கழிந்து களியக்காவிளை வருகிறேன். அம்மாவைப் பார்க்க வேண்டும்.