சிபிஎஸ்ஸுக்கு மாற்றிய பிறகும் ஸ்டேக் நிரம்புகிறதே, ஏன்?

கேள்வி: குலசேகரத்தில் இருந்து எழுதுகிறேன், கல்லூரி மாணவன். வீட்டு ரப்பர் ஷீட் எடைக் கணக்கில் உள்ள 3000 பதிவுகளைப் பைத்தானில் ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) வைத்துக் கூட்டிப் பார்த்தேன். ரிகர்ஷன் எரர் வந்தது. கன்டினியூவேஷன் பாஸிங் ஸ்டைலில் (சிபிஎஸ்) எழுதினால் ஸ்டேக் நிரம்பாது என்றார்கள். எழுதினேன், அதே எரர். எங்கே தவறினேன்?

பதில்: உங்கள் கோடு அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். சிக்கல் பைத்தானில்.

நாகர்கோவிலில் அம்மா பையனை வடசேரி சந்தைக்கு அனுப்புகிறார். "தேங்காய் வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்துக் காத்திருந்தால் அது சாதாரண ஃபங்ஷன் கால். காத்திருக்க ஓர் இடம் வேண்டுமே, அதுதான் ஸ்டேக் ஃபிரேம்; ஃபிரேம்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் இடம் ஸ்டேக். "வாங்கியதும் இந்தச் சீட்டில் எழுதியபடி செய், திரும்பி வர வேண்டாம்" என்று சொன்னால் அது சிபிஎஸ். அந்தச் சீட்டுதான் கன்டினியூவேஷன். நீங்கள் எழுதியது இப்படி இருக்கும் (இ என்பது பதிவின் எண், க என்பது கன்டினியூவேஷன், 'வி → ...' என்பது வி-யை வாங்கும் பெயரில்லாத ஃபங்ஷன்):

கூட்டு(இ, க):
பதிவுகள் முடிந்தால்: க(0)
இல்லையென்றால்: கூட்டு(இ+1, வி → க(எடை[இ] + வி))

இதில் எல்லா அழைப்பும் டெயில் கால். அழைத்த பிறகு செய்ய வேலையே இல்லை, ஆகவே பழைய ஃபிரேமை எடுத்துவிடலாம். ஆனால் எடுக்க வேண்டியது மொழி. 1975-இல் ஸஸ்மனும் ஸ்டீலும் உருவாக்கிய ஸ்கீம் என்ற மொழியில் அது கட்டாயம். பைத்தான் எடுப்பதில்லை, எரர் வந்தால் ட்ரேஸ்பேக் (எந்த அழைப்புகள் வழியாக எரர் வந்தது என்ற பட்டியல்) முழுதாகத் தெரிய வேண்டும் என்பது பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராஸம் சொன்ன காரணங்களில் ஒன்று. அதனால் ஒன்றுக்குள் ஒன்றான அழைப்புகளுக்கு வழக்கமான வரம்பான 1000-ஐத் தொட்டதும் நின்றுவிடுகிறது.

வழி என்ன? டிராம்போலின். அடுத்த அழைப்பை நேரடியாகச் செய்யாமல், "இதை அப்புறம் கூப்பிடு" என்று ஆர்க்யுமென்ட் இல்லாத ஒரு லேம்டாவாக (பெயரில்லாத ஃபங்ஷனாக) திருப்பிக் கொடுங்கள். வெளியே ஒரு வைல் லூப், கையில் கிடைப்பது ஃபங்ஷனாக இருக்கும்வரை அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். எண் வந்ததும் நின்றுவிடும்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'கூட்டு' அழைப்பை மட்டும் லேம்டாவில் சுற்றிவிட்டு கன்டினியூவேஷனை மறந்துவிடுவார்கள். இறங்கும்போது எரர் வராது. ஆனால் கடைசியில் க(0) என்றதும் ஒரு சீட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட, அது அதற்கடுத்ததைக் கூப்பிட, 3000 அழைப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய் மறுபடியும் அதே எரர். ஆக, இரண்டையும் சுற்ற வேண்டும்:

கூட்டு(இ, க):
பதிவுகள் முடிந்தால்: () → க(0)
இல்லையென்றால்: () → கூட்டு(இ+1, வி → () → க(எடை[இ] + வி))

முதலில் தரும் கன்டினியூவேஷன் வி → வி ஆக இருக்கட்டும்.

மெமரி மிச்சமாகிவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம். அந்த 3000 சீட்டுகளும் இப்போது ஹீப்பில், அதாவது ஸ்டேக்குக்கு வெளியே உள்ள பொது மெமரியில், இருக்கின்றன. ஹீப்புக்கு 1000 என்ற வரம்பு கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரப்பர் கணக்குக்குப் பைத்தானிலேயே உள்ள 'சம்' என்ற கூட்டல் ஃபங்ஷன் ஒன்றே போதும், அதையே போடுங்கள். ஒரு ட்ரீயில் (கிளைகளாகப் பிரியும் தரவு அமைப்பில்) எதையாவது தேடும்போது சிபிஎஸ்ஸை முயன்று பாருங்கள். 'கிடைத்தது', 'கிடைக்கவில்லை' என்று இரண்டு கன்டினியூவேஷன் கொடுத்து அனுப்பினால், தேடியது கிடைத்த நொடியே முதலாவதைக் கூப்பிட்டு முடித்துவிடலாம். நடுவில் உள்ள எந்த நோடுக்கும் பதில் சொல்லிக்கொண்டு ஏறி வர வேண்டியதில்லை.