கேட்ட விலை அறுநூறு வெள்ளி

கேள்வி இது: பழைய கிட்டார் எதையாவது மலிவாகப் பிடித்திருக்கிறீர்களா? வாங்காமல் விட்டுவிட்டு இன்னும் வருந்துகிற கிட்டார் ஏதாவது உண்டா?

இரண்டும் உண்டு. வாங்கியதை முதலில் சொல்லிவிடுகிறேன். விட்டதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் வரும் ஊர். சுற்றிலும் தோட்டங்கள். என் சிறுவயதில் பால்மரம், அதாவது ரப்பர், இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனை. இப்படி ஒரு ஊரில் பழைய கிட்டார் எங்கே கிடைக்கும் என்று கோலாலம்பூர் நண்பர்கள் கேட்பார்கள். இங்கேதான் கிடைக்கும் என்பேன். 1961இல் ஆங்கிலேயப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷாடோஸ் கிட்டார் குழுவும் சிங்கப்பூர் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு பிடித்த கிட்டார் மோகம் தோட்டம் வரைக்கும் வந்தது. மலாய் இளைஞர்கள் சேர்ந்து 'கூகிரான்' அமைத்தார்கள். 'கும்புலான் கித்தார் ராஞ்சாக்' என்பதன் சுருக்கம் அது; துள்ளலான கிட்டார் குழு என்று பொருள். நம் பையன்கள் சீட்டுப் பணம் எடுத்து கிட்டார் வாங்கி, திருவிழா மேடையிலும் கல்யாண வீட்டிலும் சினிமாப் பாட்டு வாசித்தார்கள். அன்று இருபது வயதில் வாசித்தவர்களுக்கு இன்று எண்பது வயது. தோட்டங்கள் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, குடும்பங்கள் பட்டணத்துக்கு மாறியபோது கட்டிலுக்கு அடியில் கிடந்தவையெல்லாம் வெளியே வந்தன. பாதி பழைய இரும்புக் கடைக்குப் போனது. மீதி குப்பைக்கு.

வெளியே வருவதில் பெரும்பாலானவை கபோக்தான். சீனாவில் குவாங்சோவில் செய்து வந்த மலிவு கிட்டார். அந்தப் பெயர் இங்கே எவ்வளவு ஊறிவிட்டது என்றால், மலாய்க்காரர்கள் எந்த மரக் கிட்டாரையும் 'கித்தார் கபோக்' என்றே சொல்வார்கள். நான் முதன்முதலில் விரல் தேய்த்ததும் அதில்தான். எனக்கு அதன்மேல் பாசம் உண்டு. ஆனால் கபோக்கைப் பழம்பொருள் விலைக்கு யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

நான் பிடித்தது ஒரு யமஹா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, ஊருக்கு வெளியே ஒரு பழைய இரும்புக் கடையில். செப்புக் கம்பிச் சுருளுக்கும் உடைந்த காற்றாடிக்கும் நடுவில் ஒரு கிட்டாரின் தலை மட்டும் தெரிந்தது. அதில் மூன்று இசைக்கவைகள் சேர்ந்த யமஹா சின்னம். இழுத்து எடுத்து, கைபேசி வெளிச்சத்தில் ஒலித்துளைக்குள் பார்த்தேன். சிவப்பு லேபிள். நிப்போன் கக்கி, எஃப்ஜி-180. நிப்போன் கக்கி என்பது யமஹா கம்பெனிக்கு அப்போது இருந்த பெயர். கை நடுங்கியது.

ஏன் நடுக்கம் என்று சொல்ல வேண்டும். 1966இல் யமஹா எஃப்ஜி வரிசையைத் தொடங்கியபோது வந்தவை எஃப்ஜி-150, எஃப்ஜி-180. பெயரில் இருப்பது விலை: 15,000 யென், 18,000 யென். 1969இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் பாடகர் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தோளில் பட்டை இல்லாமல் கயிறு கட்டி வாசித்தது எஃப்ஜி-150தான். ஜப்பானில் செய்த அந்த ஆரம்ப காலக் கிட்டார்களில்தான் சிவப்பு லேபிள் இருக்கும். பச்சை லேபிளும் தைவான் தயாரிப்பும் பிறகு வந்தன. மேல்பலகை ஒட்டுப்பலகைதான். நம் ஊர் ஈரத்தில் அது பிழைத்துக் கிடந்ததற்கு அந்த ஒட்டுப்பலகையே காரணம் என்று நினைக்கிறேன்.

கடை முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, எண்பது வெள்ளி, அதாவது ரிங்கிட், கேட்டார். கொடுத்தேன். ஆனால் அது எண்பது வெள்ளிக் கிட்டார் இல்லை. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டிதான் ஃபிரெட்; 12ஆவது ஃபிரெட்டில் கம்பி ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. பாதியாவது குறைந்தால்தான் கை அழுத்தும். மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் பின்பக்கம் வார்னிஷ் பிளந்து, ஒரு தாளை நுழைத்தால் போகிற அளவுக்கு மேலே எழும்பியிருந்தது. ஈப்போவில் கிட்டார் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்து, பிரிட்ஜை எடுத்து ஒட்டி, அதன் மேல் கம்பியைத் தாங்கும் எலும்பைத் தேய்த்து, ஃபிரெட்டைச் சமன் செய்து வாங்க இருநூற்றைம்பது ஆனது. ஆக மொத்தம் முந்நூற்று முப்பது. மலிவு விலையைச் சொல்கிறவர்கள் பழுதுக் கூலியைச் சேர்த்துச் சொல்வதில்லை. கழுத்தையே கழற்றி மறுபடி கோணம் பார்த்துப் பொருத்த வேண்டியிருந்தால் இந்தக் கணக்கு அடியோடு மாறியிருக்கும். அதனால் எந்தப் பழைய கிட்டாரைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: ஒரு நேர்க்கோல் எடுத்து ஃபிரெட்டுகளின் மேல் வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுவேன். கோலின் முனை பிரிட்ஜின் மேல் விளிம்பைத் தொட்டால் நல்லது. அதற்குக் கீழே மரத்தில் போய் இடித்தால் கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். கீறல், கறை, சாவி துரு எல்லாம் அப்புறம்.

அந்த யமஹா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு மாதிரி மந்தமாகவும், வெயில் காலத்தில் மணி போலவும் பேசும்.

விட்டவற்றில் முதலாவது ஈப்போவில். ஞாயிற்றுக்கிழமை காலைப் பழம்பொருள் சந்தையில், பழைய கடிகாரங்களுக்குப் பக்கத்தில், சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மின்கிட்டார். உருவம் கிப்சன் லெஸ் பால். தலையில் எழுதியிருந்தது கிரெக்கோ. நானூற்றைம்பது வெள்ளி. நான் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. போலி என்று முடிவுகட்டி, பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது. ஜப்பானில் மட்சுமோட்டோ ஊரில் இருக்கும் ஃபுஜிகென் தொழிற்சாலை 1970களில் கிரெக்கோவையும் இபனேஸையும் செய்து கொடுத்திருக்கிறது. அமெரிக்கக் கிட்டார்களை அப்படியே பார்த்துச் செய்தார்கள். சில வருஷங்களில் அமெரிக்கக்காரர்களைவிட நன்றாகவும் செய்தார்கள். 1977இல் கிப்சனின் தாய்க் கம்பெனி நார்லின், இபனேஸின் அமெரிக்க விநியோகஸ்தர் எல்ஜர்மேல் வழக்குப் போட்டது. சண்டை தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றித்தான். அது சமரசத்தில் முடிந்தது. இன்று எந்த ஜப்பானிய நகலை விற்றாலும் 'லாசூட் கிட்டார்', அதாவது வழக்குக் கிட்டார், என்று சொல்லி விலை ஏற்றுகிறார்கள். அந்த வார்த்தைக்காக ஒரு வெள்ளிகூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. வரிசை எண்ணைப் பாருங்கள். அந்தக் காலத்துக் கிரெக்கோ பலவற்றில் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு எண் வருஷம். எச்78 என்று தொடங்கினால் 1978 ஆகஸ்ட். நான் கிட்டாரின் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுவாரம் போனபோது கடிகாரங்கள் மட்டும் இருந்தன. தெரியாமல் விட்டது அது, அதனால் அந்த வருத்தம் ஆறிவிட்டது.

ஆறாதது வேறு ஒன்று.

எங்கள் ஊரிலிருந்து கொஞ்சம் உள்ளே போகும் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிராணி, அதாவது தோட்ட அலுவலகக் கணக்கர், ஒருவர், டவுனுக்குப் பக்கத்தில் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டில் மகனோடு இருந்தார். அவரிடம் "வயலின் மாதிரி ஒரு கிட்டார்" இருப்பதாக என் பெரியம்மா சொன்னார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். அவர் அலமாரிக்கு மேலேயிருந்து பெட்டியை எடுத்துத் திறந்தார். வளைந்த மேல்பலகை, எஃப் வடிவத் துளைகள், மஞ்சளேறிய ஓரப் பட்டை. பெட்டிக்குள்ளிருந்து ரப்பர் ஷீட் காய வைக்கும் புகைக்கூட்டு வாசனை வந்தது. துளை வழியாகப் பார்த்தால் லேபிளில் ஹோஃப்னர், செனட்டர். ஜெர்மனியில் செய்து, லண்டன் செல்மர் கம்பெனி வழியாக விற்ற கிட்டார். 1950களில் அமெரிக்க வாத்தியங்களை இறக்குமதி செய்ய பிரிட்டன் தடை வைத்திருந்தது, 1959 வரை. அதனால் அந்தக் காலத்து ஆங்கிலேயப் பையன்களின் கைக்குக் கிடைத்த நல்ல கிட்டார்களில் பல ஹோஃப்னர். அவர்களில் ஒருவர்தான் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்குச் சின்னத் துரையாக, அதாவது உதவி நிர்வாகியாக, வந்தவர். ஊருக்குத் திரும்பும்போது நாற்பது வெள்ளிக்குக் கிராணியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கழுத்தில் மூன்றாவது ஃபிரெட்டுக்குப் பின்னால் வார்னிஷ் உருகிப் பிசுபிசுத்த ஒரு தழும்பு. சுருதியைக் கூட்டக் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போவுக்குப் பதிலாக, பென்சிலை வைத்து ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தாராம், வருஷக்கணக்கில். அந்தக் காலத்து செல்லுலோஸ் வார்னிஷுக்கு ரப்பர் ஆகாது. ரப்பர் தோட்டத்தில் பிழைத்த கிட்டாருக்கு ரப்பரால் வந்த தழும்பு. வேறு குறை எனக்குத் தெரியவில்லை. கழுத்து நேராக இருந்தது.

அவர் வாசித்துக் காட்டினார். இரண்டு விரலில் மூட்டுவலி. பாடவில்லை, வார்த்தை இல்லாமல் ஒரு பழைய படப் பாட்டின் தாளத்தை மட்டும் கோர்டுகளில் வெட்டி வெட்டி. அந்த மாதிரிக் கிட்டாரில் சத்தம் நீளாது. டக்கென்று எழுந்து டக்கென்று அடங்கும். தவில் அடிக்குப் பக்கத்தில் வருகிற ஒரு மரச் சத்தம். அந்த மத்தியானம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க ஐயா?"

"அறுநூறு, தம்பி."

நான் நானூற்றைம்பது சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஐந்நூறு சொன்னேன். "அறுநூறு இருந்தா வா" என்றார், கோபம் இல்லாமல். என் சட்டைப் பையில் எழுநூறு வெள்ளி இருந்தது. காலையில்தான் எடுத்திருந்தேன். இறங்கி வருவார் என்று எண்ணி, மாசக் கடைசியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் மகன் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். அதையும் குடித்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். அலமாரி மேல் பெட்டி இல்லை. "நீ வருவேன்னு ரெண்டு வாரம் வெச்சிருந்தேன் தம்பி. பேத்தி காலேஜில சேர பணம் கட்டணும், நாள் ஆயிருச்சு. கோலகங்சார்லேருந்து ஒருத்தர் வந்தாரு, கேட்டதைக் குடுத்தாரு." எதற்கு அந்த அறுநூறு என்று அவர் அன்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பணக் கணக்கில் இது பெரிய இழப்பு இல்லை. 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் நிற கிப்சன் லெஸ் பாலுக்கோ, 1965இல் ஃபெண்டர் கிட்டார் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனம் வாங்குவதற்கு முன்பு செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டாருக்கோ உள்ள விலை செனட்டருக்கு என்றும் வராது. விற்று லாபம் பார்க்க நான் தேடியதும் இல்லை. அந்தக் கிட்டார் ஒரு தோட்டத்தில் ஐம்பது வருஷம் இருந்தது. அதை வாசித்தவர் என் எதிரில் உட்கார்ந்து எனக்குக் கொடுக்கத் தயாராக இருந்தார். நூறு வெள்ளிக்காக நான் எழுந்து வந்தேன்.

அதனால் கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான். கடையிலும் முடா மாதிரி இணைய விற்பனைத் தளத்திலும் தாராளமாகப் பேரம் பேசுங்கள், அது அவர்கள் தொழில். வீட்டுக்குப் போய் ஒரு பெரியவரிடம் வாங்கும்போது, கேட்ட விலை உங்களுக்கு நியாயமாகப் பட்டால் அன்றே கொடுத்துவிடுங்கள். அவர் தெரியாமல் மிகக் குறைவாகக் கேட்டால், அது என்ன கிட்டார் என்று சொல்லி, கூடக் கொடுங்கள். ஹோஃப்னருக்குப் பிறகு நான் இரண்டு தடவை அப்படிச் செய்திருக்கிறேன். அவர்களில் ஒருவர், தன் தம்பி வீட்டில் இருந்த இன்னொரு கிட்டாரையும் காட்டக் கூட்டிப் போனார்.

தொலைந்த கிட்டார் திரும்பி வருவதும் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் பேஸ் 1972இல் லண்டனில் திருட்டுப் போய், 51 வருஷம் கழித்து அவர் கைக்குத் திரும்பி வந்தது. 2024 பிப்ரவரியில் அந்தச் செய்தி வந்தபோது எனக்குக் கிராணி வீட்டு அலமாரிதான் நினைவுக்கு வந்தது.

என் ஹோஃப்னர் எங்கே என்று எனக்குத் தெரியும். வாங்கியவர் கோலகங்சாரில் ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர், இளம் வயதில் கூகிரானில் வாசித்தவர். கிராணியிடம் எண் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். புதுக் கம்பி போட்டு, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வைத்து, கழுத்துத் தழும்பை அப்படியே விட்டு, அருமையாக வைத்திருக்கிறார். என்னைவிட நல்ல கைக்குத்தான் போயிருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் பலகாரம் எடுத்துக்கொண்டு போவேன். வாசிக்கக் கொடுப்பார். கிளம்பும்போது விற்கிறீர்களா என்று கேட்பேன்.

இந்த வருஷமும் கேட்டேன். "பெலும்" என்றார். இல்லை என்பதற்கு மலாயில் வேறு வார்த்தை இருக்கிறது. பெலும் என்றால் இன்னும் இல்லை.