உடைத்த கப்பலின் இபெர்ப் உங்கள் தோணிக்கு ஆகுமா?

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணி எங்களுடையது. குஜராத் ஆலங்கில் உடைத்த கப்பலிலிருந்து எடுத்த இபெர்ப் (ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கருவி) ஒன்றை ஏஜென்ட் ஒருவர் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். பேட்டரி புதிதாம். டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விளக்கும் எரிகிறது. வாங்கலாமா? தோணியை ஓட்டிச் செல்லும் எங்கள் தண்டலோ, "கை பட்டாலே கடலோரக் காவல்படை வந்து நிற்கும், அந்த வம்பே வேண்டாம்" என்கிறார்.

பதில்: வாங்காதீர்கள். விளக்கு எரிவதைக் காட்டித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. மின்சுற்று சரியாக இருக்கிறது என்பதற்கு மேல் அந்த விளக்கு எதுவும் சொல்லாது. ஆபத்தில் இருப்பது யார் என்று வெளியே போகும் செய்திதான் முக்கியம். ஏஜென்ட் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

இபெர்ப் 406 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 50 நொடிக்கு ஒருமுறை செயற்கைக்கோளுக்கு ஒரு எண்ணை அனுப்புகிறது. ஜிபிஎஸ் உள்ள கருவி என்றால் இருக்கும் இடமும் சேர்ந்து போகும். அந்த எண்ணின் தொடக்கத்திலேயே நாட்டின் குறியீடு இருக்கிறது. நம் நாட்டுக் கருவி என்றால், பெங்களூரில் இஸ்ரோ நடத்தும் மையத்தின் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே கப்பலின் பெயர், நிறம், உரிமையாளர், அவசரத் தொலைபேசி எல்லாம் இருக்க வேண்டும். மீட்பு மையத்தில் இருப்பவர் முதலில் அந்தத் தொலைபேசிக்குத்தான் பேசுவார். உடைத்த கப்பலின் கருவி உங்கள் தோணியில் இருந்தால் அந்த அழைப்பு வேறு நாட்டில் யாரோ ஒருவருக்குப் போகும். அவர், "அந்தக் கப்பலை உடைத்து ஆண்டுக்கணக்காகிறதே" என்பார். செத்துப்போனவர் பெயரில் உள்ள சிம் கார்டிலிருந்து உதவி கேட்பது போலத்தான் இது. தேட வரவே மாட்டார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் உண்மையா, பொய்யா என்று துருவுவதிலேயே நேரம் போகும். தண்ணீரில் கிடக்கும் உங்கள் ஆட்களுக்கு அந்த நேரம் இல்லை.

இதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கருவியின் ஒட்டுச்சீட்டில் 15 எழுத்து, எண் கொண்ட அடையாளம் அச்சிட்டிருக்கும். அதன் முதல் மூன்றைப் பாருங்கள். இந்தியக் குறியீடு 419 என்பதால் நம் நாட்டுக் கருவி 346, 347, B46, B47 என்ற நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். வேறு எப்படித் தொடங்கினாலும் அது வெளிநாட்டுக் கொடியில் இருந்த கருவி. அதை எங்கும் பதியாமல், "கருவி இருக்கிறதல்லவா" என்று உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சிலர் அதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். இபெர்ப்பின் எண்ணைச் சாதாரணமாக இரண்டு வகையில் அமைப்பார்கள். ஒன்று, எம்எம்எஸ்ஐ என்ற, ஒவ்வொரு கப்பலுக்கும் தனியாகத் தரப்படும் 9 இலக்க வயர்லெஸ் அடையாள எண்ணை உள்ளே எழுதுவது. இந்த வகையை வேறு தோணிக்கு மாற்றினால், நம் நாட்டுக் கருவியாகவே இருந்தாலும் கட்டாயம் திரும்ப நிரல் எழுத வேண்டும். உங்கள் தோணியில் ஏஐஎஸ் (தோணி இருக்கும் இடத்தைச் சுற்றியுள்ள கப்பல்களுக்குத் தானாகக் காட்டும் கருவி) இருந்தால் உங்களுக்கென்று ஒரு எம்எம்எஸ்ஐ ஏற்கெனவே இருக்கும். அதைத்தான் எழுத வேண்டும். இன்னொன்று, தயாரிப்பாளரின் வரிசை எண்ணை மட்டும் எழுதுவது. அது இந்தியக் குறியீட்டில் இருந்து, பழைய உரிமையாளர் தன் பதிவை நீக்கிவிட்டு, அந்த எண் உங்கள் தோணியின் பெயருக்கு மாறினால், உள்ளே எதையும் தொட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கருவியை, பதிவு மாற்றத்தைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு, வாங்கலாம். ஆலங்கிலிருந்து வருவதில் இது அமைவது அபூர்வம்.

அடுத்து அந்தப் புது பேட்டரி. உறையைத் திறந்து மூடினால் நீர்புகாத அடைப்பைச் சோதிக்க வேண்டும். அதைத் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம்தான் செய்ய முடியும். 48 மணி நேரம் இடைவிடாமல் அனுப்ப வேண்டிய கருவிக்கு, கடைவீதியில் பற்றவைத்த செல் எதற்கு ஆகும்? சர்வீஸ் அறிக்கை இல்லாவிட்டால் பேட்டரி மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆத்திரம் வருகிற இடம் வேறு. பதிவுப் படிவத்தில் அவசரத் தொடர்பு என்ற இடத்தில் ஏஜென்டுகள் தங்கள் கைபேசி எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு அவர் எடுப்பாரா? உங்கள் வீட்டு எண்ணையும், கரையில் எப்போதும் இருக்கும் இன்னொருவர் எண்ணையும் நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். கப்பல் துறைக்கு ஒரு மனு, வயர்லெஸ் உரிமத்துக்கு இன்னொன்று, இஸ்ரோவில் பதிவு தனி என்று, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தோணிக்காரரை அலையவிட்டால் அவர் ஏஜென்டிடம் போகாமல் என்ன செய்வார்? ஒரே படிவமாக, தமிழிலும் கொடுத்தால் இந்தக் கூட்டத்தில் பாதி காணாமல் போகும். சோதனைக்கு வருபவர்களும் பல நேரம் ஸ்டிக்கரில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

புதிதாக வாங்கும்போது ஏஐஎஸ் சேர்ந்த கருவியாக வாங்குங்கள். மாலே வழியில் பெரிய கப்பல்கள் குறுக்கே போய்க்கொண்டே இருக்கின்றன; பக்கத்தில் போகும் கப்பலின் திரையில் நீங்கள் தெரிவீர்கள். கருவியைத் திருட்டுக்குப் பயந்து கேபினுக்குள் பூட்டாதீர்கள். அதன் கயிற்றைத் தோணியோடு கட்டவும் கூடாது. தோணியோடு சேர்ந்து அதுவும் அடியில் போய்விடும். அந்தக் கயிறு, தண்ணீரில் குதித்தவர் தன்னோடு அல்லது மிதவையோடு கட்டிக்கொள்வதற்கு. தோணி மூழ்கினால் நாலு மீட்டர் ஆழத்துக்குள் கருவியைத் தானாக விடுவிக்கும் வெளியீட்டு அமைப்புக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. அதன் மேலேயே மாதமும் ஆண்டும் குறித்திருக்கும்.

தண்டலின் பயத்துக்கு வருவோம். தாங்கியில் சரியாக வைத்த கருவி, கை பட்டதற்கெல்லாம் அலறாது. தவறி இயங்கிவிட்டால் அணைத்துவிட்டு உடனே விஎச்எஃப் வயர்லெஸ்ஸிலோ, கரைக்கு அருகில் என்றால் 1554 என்ற கடலோரக் காவல்படையின் இலவச எண்ணிலோ சொல்லிவிடுங்கள். அணைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் வம்பு.

ஏஜென்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன், ஒட்டுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எண் தெளிவாகத் தெரிய வேண்டும். இன்று நாளை என்று இழுத்தாரானால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.