எஃப் விசாவும் மோன் பிளாங் சுற்றுப்பாதையும்

தம்பி, சுவிஸில் தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் எஃப் விசாவுடன் மோன் பிளாங் மலையைச் சுற்றி நடக்கப் போகலாமா, எவ்வளவு செலவாகும், என்ன சப்பாத்து வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். சப்பாத்தைக் கடைக்காரரே சொல்லிவிடுவார், செலவு தங்குமிடத்தைப் பொறுத்தது; நான் சொல்ல வேண்டியது விசாவைப் பற்றித்தான்.

ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை பிரான்ஸ், இத்தாலி, சுவிஸ் ஆகிய மூன்று நாடுகளினூடாகச் செல்கிறது. 2,537 மீட்டர் உயரத்திலுள்ள கிரான் கோல் ஃபெரே கணவாயில் இத்தாலி முடிந்து சுவிஸ் தொடங்குகிறது. அங்கே காவலரும் இல்லை, தடுப்பும் இல்லை. அதனால்தான் நம்மவர் சிலர், "ஒருவரும் கேட்கமாட்டார்கள், போய் வாருங்கள்" என்று புதிதாக வந்தவர்களுக்குத் துணிவூட்டுகிறார்கள். சுவிஸ் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்பவர்கள்மீது எனக்குக் கடுங்கோபம் உண்டு. மலையில் கேட்காதவர்கள் கீழே பேருந்தில் கேட்கலாம். கால் பிசகி அயல்நாட்டு மருத்துவமனையில் கிடந்தால் அட்டையைக் காட்டித்தான் ஆக வேண்டும். எஃப் விசா உள்ளவர் முன் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது. சுற்றுலாவுக்கென்று அந்த அனுமதி இலகுவில் கிடைப்பதுமில்லை.

எல்லை தாண்டாமலே அப்பாதையின் சுவிஸ் பகுதியை நீங்கள் நடக்கலாம். மார்த்தினியிலிருந்து ரயிலில் ஒர்சியேருக்கும், அங்கிருந்து பேருந்தில் லா ஃபூலிக்கும் சென்று, ஷாம்பே வழியாகத் திரியான்வரை நடவுங்கள். ஷாம்பேயைக் கடந்ததும் இரு வழிகள் உண்டு. ஒன்று ஃபெனெத்ர் தார்பெத் கணவாய், 2,665 மீட்டர் உயரம். செங்குத்தான பாறைக் குவியல்களில் ஏற வேண்டும், கோடையின் தொடக்கத்தில் உறைபனியும் கிடக்கும். முதல் தடவை மற்ற வழியில், போவின் என்னும் மேய்ச்சல் நிலத்தின் ஊடாகச் செல்வதுதான் நல்லது.

நான் எண்பதுகளின் இறுதியில் சுவிஸுக்கு வந்தபோது, பேருந்துக் காசை மிச்சம் பிடிப்பதற்காக அகதி முகாமிலிருந்து நகரத்துக்கு நடந்தே போவேன். வழியிலுள்ள மஞ்சள் பலகைகள் தூரத்தைச் சொல்லாமல் நடக்கும் நேரத்தைச் சொல்லும். ஒரு குளிர்காலம் முடிவதற்குள் அந்த நேரத்துக்கு முன்பாகவே போய்ச் சேரப் பழகிவிட்டேன். பல ஆண்டுகள் கழித்து, முறையான கடவுச்சீட்டுடன், பிரான்சிலிருந்து கோல் டி லா செய்ஞ் கணவாயேறி நட்டநடுப் பகலில் இத்தாலிக்குள் இறங்கினேன். வாகனத்தின் பின்புறத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு இரவில் எல்லைகள் கடந்து வந்தவனுக்கு அது எத்தகைய நிம்மதி என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

யூலை பிறந்ததும் ஒரு சனிக்கிழமை சொல்லுங்கள், லா ஃபூலிக்கு நானும் வருகிறேன். குளிர்ச்சட்டையும் மழையங்கியும் கட்டாயம் எடுத்து வாருங்கள், கணவாய்ப் பக்கம் ஆகஸ்டிலும் பனி பெய்வதுண்டு.